எந்தக் கட்டி காத்திருக்கும், எந்தக் கட்டி காத்திருக்காது?

2021-இல் கொரோனா இரண்டாம் அலையும் ஊரடங்கும் தொடங்கிய பிறகு மார்பகப் புற்றுநோய் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு அப்போது தந்த பதில்களை இங்கே தருகிறோம். எல்லாமே ஆரம்ப நிலை நோய் பற்றியவை. அதாவது, கட்டி மார்பிலும் அக்குளிலும் மட்டும் இருக்கிறது. வேறு உறுப்புக்குப் போகவில்லை. அறுவை, கீமோ, கதிர்வீச்சு என மூன்று துறை மருத்துவர்களும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கே: அம்மாவுக்கு 58 வயது. குளிக்கும்போது இடது மார்பில் சுண்டைக்காய் அளவுக்குக் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டதாக மூன்று வாரத்துக்கு முன் சொன்னார். வலி இல்லை. "வலிக்கலேன்னா ஒண்ணும் இருக்காது, கொரோனா முடியட்டும்" என்கிறார்கள் உறவினர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் தொற்று வரும் என்று எங்களுக்கும் பயம்.
— ஒரு மகள், பெரம்பூர்

ப: வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் வழக்கமாக எடுக்கும் மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரே) இரண்டு மூன்று மாதம் தள்ளலாம், தவறில்லை. ஆனால் கைக்குத் தட்டுப்படும் கட்டி, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, தோல் உள்ளே இழுத்துக்கொள்வது, அக்குளில் நெறிகட்டுவது ஆகிய நான்கையும் எந்த அலையிலும் தள்ளக் கூடாது.

போவதை ஒரே தடவையாக முடித்துக்கொள்ளலாம். முதலில் போனில் பேசி, மருத்துவர் பரிசோதனை, மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் மூன்றையும் ஒரே காலையில் வைக்கச் சொல்லுங்கள். கூடவே கோர் பயாப்ஸியும் அன்றைக்கே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இடத்தை மரத்துப் போகச் செய்து, 14 கேஜ் ஊசியால் நூல் போல நாலைந்து துண்டு எடுப்பார்கள். அரை மணி நேர வேலை. எடுத்ததும் அந்த இடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் கட்டாது. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. "முதல்ல கட்டியை எடுத்துடுவோம், அப்புறம் டெஸ்ட்டுக்கு அனுப்புவோம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புற்று என்று தெரியாமல் எடுக்கும்போது ஓரம் விட்டுப் போகும், அக்குள் நெறியைத் தொட்டிருக்க மாட்டார்கள். மறுபடி ஒரு அறுவை, மறுபடி ஒரு அட்மிஷன் என்று ஆகிவிடும். தொற்றுக் காலத்தில் இது இரட்டை ஆபத்து.

இரண்டாவது, வெளியே தெரியாத தவறு. எடுத்த துண்டை 10 சதவீத ஃபார்மலினில், துண்டைப் போலப் பத்து மடங்கு திரவத்தில் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அது ஊற வேண்டும். சனிக்கிழமை எடுத்து, ஞாயிறு முழு ஊரடங்கில் லேப் மூடி, திங்களும் கூரியர் வராமல் செவ்வாய் மாலை போய்ச் சேர்ந்தால் அந்தக் கணக்கு தவறிவிடும். அப்போது ஹார்மோன் பரிசோதனை "நெகட்டிவ்" என்று பொய்யாக வரலாம். அந்த ஒரு சொல் மொத்த சிகிச்சையையும் மாற்றிவிடும். டப்பாவின் மேல் எடுத்த தேதியும் நேரமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் பயாப்ஸியை வாரத்தின் முதல் மூன்று நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2, கே.ஐ.-67 என்ற நான்கு வரிகளைத் தேடுங்கள். முதல் இரண்டும் கட்டிக்கு ஹார்மோன் தீனி வேண்டுமா என்று சொல்லும். ஹெர்-2 (கட்டியை வேகமாக வளர்க்கும் ஒரு புரதம்) வரியில் 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் இன்னும் முடிவாகவில்லை. ஃபிஷ் என்ற அடுத்த பரிசோதனை தேவை. கட்டி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதைக் கடைசி வரி காட்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த நான்கு வரியைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன.

கே: என் மாமியாருக்கு 63 வயது. கட்டி 1.8 செ.மீ. ஈ.ஆர். ஸ்கோர் 8/8, ஹெர்-2 1+, அக்குளில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் ஆபரேஷன் தேதி கொடுக்காமல் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். படுக்கை இல்லாததால் எங்களைக் கழற்றிவிடுகிறார்களா?
— மருமகள், மயிலாப்பூர்

ப: படுக்கைத் தட்டுப்பாடும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சிகிச்சை தொடங்கிவிட்டது. எழுதியிருப்பது லெட்ரோசோல் 2.5 மி.கி. அல்லது அனாஸ்ட்ரோசோல் 1 மி.கி. ஆக இருக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு உடலில் ஊறும் கொஞ்சநஞ்ச ஈஸ்ட்ரோஜனையும் இது நிறுத்துகிறது. 8/8 என்பது அந்த ஸ்கோரின் உச்சம், அதாவது கட்டி முழுக்க ஹார்மோனை நம்பி வாழ்கிறது. தீனியை நிறுத்தினால் வளர்ச்சி நிற்கும், பல பேருக்குச் சுருங்கவும் செய்யும். கொரோனாவுக்கு முன்பே, பெரிய கட்டியைச் சுருக்கி எடுக்க இதே மாத்திரையை நாலு முதல் ஆறு மாதம் கொடுப்பது வழக்கம்தான். உங்கள் மாமியார் விஷயத்தில் இரண்டு மூன்று மாதம் காத்திருப்பது நியாயமான முடிவு.

எந்த மருந்தும் இல்லாமல் சும்மா காத்திருப்பது வேறு விஷயம். அறுவை சிகிச்சை ஒவ்வொரு 4 வாரம் தாமதமாகும்போதும் இறப்பு வாய்ப்பு 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. நூற்றில் எட்டு பேர் கூடுதலாக இறப்பார்கள் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வாய்ப்பு 10 ஆக இருந்தால் அது 10.8 ஆகும். சின்ன எண்தான், ஆனால் நாலு மாதம் சும்மா இருந்தால் நாலு தடவை கூடும்.

இந்த இடைக்காலத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியவை: ஆறு முதல் எட்டு வாரத்தில் அல்ட்ராசவுண்ட் எடுத்துக் கட்டியின் அளவை ஒப்பிட வேண்டும், முடிந்தால் அதே இடத்தில், அதே மெஷினில். வளர்ந்திருந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். மாத்திரை 15 நாள் ஸ்டாக் எப்போதும் கையில் இருக்கட்டும்; "கடையில் இல்லை" என்று இரண்டு வாரம் விட்டவர்கள் உண்டு. மூட்டு வலி வரும், காலையில் விரல் மடக்கக் கஷ்டமாக இருக்கும். அதற்காக நிறுத்தக் கூடாது, நடந்தால் குறையும். எலும்பு மெலியும் என்பதால் கால்சியமும் வைட்டமின் டி-யும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வழி எல்லாருக்கும் பொருந்தாது. மாதவிலக்கு நிற்காதவருக்கு லெட்ரோசோலைத் தனியாகக் கொடுத்தால் பயன் இல்லை, சினைப்பையைத் தூண்டிவிடவும் கூடும். அவர்களுக்கு டமாக்சிஃபென் 20 மி.கி., சில நேரம் அதோடு 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றில், சினைப்பையை அடக்கும் கோசெரலின் 3.6 மி.கி. ஊசி. நம்மூரில் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று உண்டு: நாற்பது வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள். "எனக்கு நின்னு பத்து வருஷம் ஆச்சு டாக்டர்" என்பார்கள். நின்றது கர்ப்பப்பைதான்; சினைப்பை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கலாம். எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ரடயால் இரண்டு ரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகே அவர்களுக்கு மாத்திரை முடிவாக வேண்டும்.

கே: தங்கைக்கு 34 வயது. 3 செ.மீ. கட்டி; ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ். நாளைக்கே கீமோ தொடங்கலாம் என்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி குறையும் மருந்தைப் போய் இந்த அலையில் போடலாமா? கேஸ் குறைந்த பிறகு, ஆகஸ்டில் வைத்துக்கொண்டால்?
— ஒரு அக்கா, வேளச்சேரி

ப: வேண்டாம். மேலே சொன்ன மாமியாரின் கட்டிக்குத் தடுப்பு மாத்திரை இருக்கிறது. மூன்றும் நெகட்டிவான கட்டிக்கு அப்படி எதுவும் இல்லை. வேகமும் அதிகம். ஹெர்-2 3+ கட்டிக்கும் இதே பதில்தான். 2 செ.மீ.க்கு மேல் போனாலோ அக்குளுக்கு வந்துவிட்டாலோ கீமோவை முதலில் கொடுத்துப் பிறகு அறுவை செய்வதுதான் முறை.

மாற்ற முடிந்தது கீமோவின் அட்டவணை. வழக்கமாக ஏ.சி. என்ற சிவப்பு மருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாலு தடவை, பிறகு பாக்லிடாக்ஸல் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு தடவை. மொத்தம் 16 நாள் வாசல் ஏற வேண்டும். பாக்லிடாக்ஸலுக்குப் பதில் டோசிடாக்ஸலை மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாலு தடவையாகக் கொடுத்தால் 8 நாளில் முடியும். இதற்கு விலை உண்டு: டோசிடாக்ஸல் வெள்ளணுவை அதிகம் குறைக்கும். அதனால் கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்து, வெள்ளணுவை ஏற்றும் பெக்ஃபில்கிராஸ்டிம் 6 மி.கி. ஊசி கட்டாயம். அந்த ஒரு ஊசிக்காக மறுநாளும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கிலோ, சொல்லிக் கொடுத்தால் நீங்களேயோ போடலாம். ஐஸ் பெட்டியில் எடுத்து வந்து ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். போடுவதற்கு அரை மணி முன் வெளியே எடுத்து, தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளித் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும்.

டோசிடாக்ஸலுக்கு முந்தின நாள் தொடங்கி மூன்று நாள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள், பொதுவாக 8 மி.கி. இரண்டு வேளை. அது சுகரை ஏற்றும். கொரோனா வந்தவர்களைக் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும் இந்த இரண்டாம் அலையில், ஸ்டீராய்டும் ஏறிய சுகரும் கூட்டுச் சேர விடக்கூடாது. சர்க்கரை நோய் இருக்கிறதோ இல்லையோ, அந்த மூன்று நாளும் விரல் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள்.

தொடங்குவதற்கு முன் கட்டியின் நடுவில் ஒரு சின்ன டைட்டானியம் கிளிப் வைத்துவிட்டார்களா என்று கேளுங்கள். மருந்து நன்றாக வேலை செய்து கட்டியே காணாமல் போனால், பிறகு எந்த இடத்தை அறுப்பது என்று காட்ட அந்தக் கிளிப்தான் இருக்கும். கீமோ முடிந்து எட்டு வாரத்துக்குள் அறுவை நடக்க வேண்டும் என்பதையும் இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை பெற விருப்பம் இருந்தால் கருமுட்டை சேமிப்பைப் பற்றி முதல் ஊசிக்கு முன்பே பேசுங்கள். அதற்குச் சுமார் இரண்டு வாரம் ஆகும்.

கே: இரண்டாவது கீமோ முடிந்து ஒன்பதாம் நாள் மனைவிக்கு 101 காய்ச்சல். ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைக் காட்டிவிட்டு "ஃபீவர் கிளினிக்குக்குப் போங்க, கொரோனா ரிசல்ட்டோட வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ரிசல்ட் வர மறுநாள் மாலை ஆனது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அடுத்த தடவை என்ன செய்வது?
— வாசகர், அம்பத்தூர்

ப: இந்தத் தொற்றுக் காலத்தில் கீமோ நோயாளிக்கு மிக ஆபத்தான இடம் அந்த வாசல்தான். கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணு அடிமட்டத்துக்குப் போகும். அப்போது வரும் காய்ச்சல் கொரோனாவாக இருக்கலாம். ஆனால் அதைவிட வேகமாக உயிரை எடுப்பது குடலிலிருந்தும் தோலிலிருந்தும் ரத்தத்துக்குள் நுழையும் சாதாரண பாக்டீரியா. வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். கொரோனா ரிசல்ட்டுக்காக அதை நிறுத்தி வைக்கக் கூடாது.

வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். நெற்றித் துப்பாக்கியை நம்ப வேண்டாம். ஏசி அறையிலிருந்து வந்தாலும் வெயிலில் நின்றாலும் அதன் எண் மாறிவிடும். நாக்கின் அடியில் வைத்துப் பாருங்கள், காபி குடித்த பிறகானால் கால் மணி நேரம் கழித்து. வாய்ப்புண் இருந்தால் அக்குளில் வைக்கலாம், அங்கே கொஞ்சம் குறைத்தே காட்டும். 100.4 டிகிரி காட்டினால் அது அவசரம். நடுராத்திரி என்றாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டுக் கிளம்புவது இன்னொரு பெரிய தவறு. வாசலில் 98 காட்டும், "ஒண்ணுமில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். பெக்ஃபில்கிராஸ்டிம் போட்ட இரண்டு மூன்று நாளில் இடுப்பெலும்பு வலிக்காகப் பாராசிட்டமால் போட வேண்டி வந்தாலும், முதலில் காய்ச்சல் பார்த்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

கீமோ தொடங்கும் நாளிலேயே உங்கள் மருத்துவரிடம் லெட்டர்பேடில் நாலு வரி எழுதி வாங்கி ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள்: "இவர் கீமோதெரபி பெறுகிறார். கடைசி டோஸ் தேதி இது. காய்ச்சல் வந்தால் வெள்ளணு குறைந்த காய்ச்சலாகக் கருதி, கொரோனா பரிசோதனையோடு சேர்த்து ரத்த எண்ணிக்கையும் பிளட் கல்ச்சரும் எடுத்து, முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக் தொடங்கவும்." கீழே தொடர்பு எண். இந்தக் காகிதம் இருந்தால் வாசல் காவலாளியிடம் வாதாட வேண்டாம். நேரே டியூட்டி டாக்டர் கைக்குக் கொடுக்கலாம். கிளம்பும் முன் போன் செய்து வருகிறோம் என்று சொல்லுங்கள். சந்தேகக் கொரோனா அறையிலேயே தனியாக வைத்து மருந்து ஏற்ற அவர்களால் முடியும். வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐக் கூப்பிட்டு, "கீமோ பேஷன்ட், காய்ச்சல்" என்ற இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ரத்த ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளணுவை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். மொத்தம் 1,200, அதில் நியூட்ரோஃபில் என்ற வகை 30 சதவீதம் என்றால், உண்மையில் சண்டை போட இருப்பது 360 தான். காய்ச்சலோடு இது 500-க்குக் கீழே போனால் அட்மிட் செய்தே தீர வேண்டும். உங்கள் மனைவிக்கு ஒருமுறை இப்படி ஆகிவிட்டதால் மிச்சக் கீமோ ஒவ்வொன்றுக்கும் பெக்ஃபில்கிராஸ்டிம் கேட்டு வாங்குங்கள். டோஸைக் குறைக்க வேண்டுமா என்பதும் பேசப்பட வேண்டிய விஷயம்.

கே: கபசுரக் குடிநீர் தினமும் குடிக்கிறேன். கீமோ நாளிலும் குடிக்கலாமா?
— வாசகி, கொளத்தூர்

ப: கீமோ முடியும்வரை நிறுத்திவையுங்கள். அதில் சேரும் 15 சரக்கில் திப்பிலியும் ஒன்று. திப்பிலியில் உள்ள பைபரின், கல்லீரலில் மருந்தை உடைக்கும் நொதிகளின் வேலையைத் தடுக்கக்கூடியது. டோசிடாக்ஸல் உடைவதும் அதே நொதிகளால்தான். உடையாமல் தங்கினால் டோஸ் கூடியது போல் ஆகும். ரசத்தில் போடும் மிளகுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை.

கே: நாலு கீமோ முடிந்த நிலையில் எனக்குக் கொரோனா. வீட்டிலேயே குணமாகிவிட்டேன், ஆனால் மூன்று வாரமாகியும் ஆர்.டி.பி.சி.ஆர். பாசிட்டிவ் என்றே வருகிறது. சிகிச்சை அப்படியே நிற்கிறது. ஹெர்-2 ஊசியும் ஒன்று தவறிவிட்டது.
— வாசகி, தாம்பரம்

ப: செத்த வைரஸின் துண்டுகள் மூக்கில் வாரக்கணக்கில் தங்கும். அதைத்தான் பரிசோதனை இன்னும் பிடிக்கிறது. லேசான தொற்று என்றால், அறிகுறி தொடங்கி 14 நாள் ஆகி, மாத்திரை இல்லாமலே மூன்று நாள் காய்ச்சல் இன்றி, மூச்சு சீராக இருந்தால் கீமோவைத் தொடரலாம். ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு 20 நாளாவது போக வேண்டும். நெகட்டிவ் சீட்டு கொண்டு வந்தால்தான் என்று அடம்பிடிக்கும் இடத்தில் மருத்துவரையே நேரில் பேசவிடுங்கள்.

அறுவைக்கு மட்டும் கணக்கு வேறு. 116 நாடுகளில் எடுத்த தரவை வைத்து 2021 மார்ச்சில் வந்த ஆய்வு, தொற்று வந்து 7 வாரத்துக்குள் மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்தால் உயிராபத்து கூடுகிறது என்று காட்டியது. ஆகவே கொரோனா வந்தவருக்கு அந்த இடைவெளியில் கீமோவோ மாத்திரையோ ஓட, அறுவை பின்னால் வருவது நல்லது.

ஹெர்-2 ஊசியான ட்ராஸ்டுசுமாப் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 6 மி.கி. கணக்கில் போவது. தேதி தாண்டி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டால் முதல் டோஸ் போலவே கிலோவுக்கு 8 மி.கி. கொடுத்து மறுபடி தொடங்க வேண்டும். 55 கிலோ எடையுள்ளவருக்கு 330-க்குப் பதில் 440 மி.கி. மருந்து வாங்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள், பணத்தைப் பொறுத்த விஷயம்.

டமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் கொரோனாவுக்காக அட்மிட் ஆனால் அங்கே முதலில் அதைச் சொல்லுங்கள். அந்த மாத்திரை, கொரோனா இரண்டுமே ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுபவை. சில நாள் மாத்திரையை நிறுத்திவைக்கலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

கே: முழு மார்பையும் எடுத்து மூன்றாம் நாளே டிரெயினோடு (காயத்து நீர் வடியும் குழாயும் டப்பாவும்) வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திருவள்ளூரிலிருந்து தினம் வர முடியாது. நர்ஸும் கிடைக்கவில்லை. பார்க்கவே கை நடுங்குகிறது.
— கணவர், திருவள்ளூர்

ப: சீக்கிரம் அனுப்புவது தொற்றிலிருந்து காப்பாற்றத்தான். வேலை கஷ்டமானதல்ல. தினம் காலை ஏழு, இரவு ஏழு என்று ஒரே நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, குழாயில் இருக்கும் கிளிப்பை மூடுங்கள். ஸ்பிரிங் டப்பாவின் மூடியைத் திறந்து, அளவுக் கோடு போட்ட கிளாசில் ஊற்றி, எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதுங்கள். டப்பாவைத் தரையில் வைத்து உள்ளங்கையால் முழுசாக அமுக்கி, அமுக்கியபடியே மூடியைப் போட வேண்டும். பிறகுதான் குழாய் கிளிப்பைத் திறக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: கையை எடுத்துவிட்டு மூடுவார்கள், உறிஞ்சும் சக்தி போய்விடும், நீர் உள்ளேயே தேங்கித் தையலைத் தள்ளும். மூடிய ஐந்து நிமிடத்திலேயே டப்பா உப்பிவிட்டால் எங்கோ காற்று நுழைகிறது என்று பொருள்.

குழாயில் நூல் போல ரத்தக்கட்டி தெரிந்தால், உடம்பை ஒட்டிய பக்கத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலில் கொஞ்சம் சானிடைசர் தடவி டப்பா பக்கமாக வழித்து விடுங்கள். பிடிக்காமல் வழித்தால் குழாயே இழுபடும்.

முதலில் சிவப்பாக வரும், பிறகு ரோஜா நிறம், கடைசியில் வைக்கோல் நிறம். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் குறைவாக இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் எடுக்கலாம். பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு வாரம். அந்த நோட்டுப் பக்கத்தைத் தினம் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், எடுக்க மட்டும் ஒரு தடவை நேரில் வந்தால் போதும். சில மணி நேரத்தில் டப்பா புது ரத்தத்தால் நிறைந்தாலோ, நீர் திடீரென்று நின்று மார்புப் பக்கம் வீங்கினாலோ, சீழ் நாற்றம் அடித்தாலோ உடனே கிளம்ப வேண்டும்.

முன்னால் பொத்தான் வைத்த நைட்டியின் உள்பக்கம் ஒரு துணிப் பையைத் தைத்து அதில் டப்பாவை வையுங்கள், தொங்கவிட்டால் தையல் இழுக்கும். கையை மடக்கி நீட்டுவது, பந்தை அமுக்குவது இரண்டையும் முதல் நாளிலிருந்தே செய்யலாம். தோளுக்கு மேல் தூக்குவது மட்டும் டிரெயின் எடுத்த பிறகு.

கே: கட்டியை மட்டும் எடுத்தார்கள். எனக்கு 25 நாள் கரன்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும் என்றார்கள், இப்போது 15 நாள் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 5 நாளில் முடித்துவிட்டார்கள். கூட்டத்தைக் குறைக்க எங்கள் சிகிச்சையைக் குறைக்கிறார்களோ?
— வாசகி, திருவொற்றியூர்

ப: நாள் குறைகிறது, ஒவ்வொரு நாள் அளவும் கூடுகிறது. பழைய முறை நாளுக்கு 2 கிரே (கதிர்வீச்சின் அளவு) வீதம் 25 நாளில் 50 கிரே. இப்போது உலகமெங்கும் வழக்கத்தில் உள்ளது 15 நாளில் 40 கிரே, நாளுக்கு 2.67 வீதம். இது கொரோனாவுக்காகக் கண்டுபிடித்ததல்ல. பத்தாண்டு கண்காணிப்பு முடிவு 2013-லேயே வந்துவிட்டது. 5 நாள் முறையில் நாளுக்கு 5.2 வீதம் 26 கிரே. பிரிட்டனில் 4,096 பேரிடம் செய்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2020 ஏப்ரலில், முதல் அலை உச்சத்தில் வெளியானது. மார்பில் நோய் திரும்புவதில் 15 நாள் முறைக்கு அது குறைந்ததல்ல.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அக்குள் நெறியில் நோய் இருந்திருக்காது. அக்குளுக்கும் கழுத்துப் பக்கத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தால் 15 நாள்தான் நம்பகமானது. ஐம்பது வயதுக்குக் கீழே என்றால் கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதல் டோஸ் சில நாள் சேரும். 70 தாண்டி, சின்னக் கட்டி, அக்குள் சுத்தம், ஈ.ஆர். பாசிட்டிவ், ஐந்தாண்டு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார் என்றால் கரன்ட்டே வைக்காமல் விடலாமா என்று கேட்கவும் இடம் உண்டு.

கீமோ இல்லாதவர்களுக்கு அறுவை முடிந்து எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் போதும், அதற்குள் அவசரம் இல்லை. தொடங்கிய பிறகு நடுவில் விடுவதுதான் கெடுதல். கொரோனாவால் இடைவெளி விழுந்தால், விட்டுப்போன நாளை எப்படி ஈடுகட்டுவது என்று கதிர்வீச்சு மருத்துவர் கணக்குப் போட்டுத் தர வேண்டும்.

கே: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இதெல்லாம் வருமா?
— வாசகர், வியாசர்பாடி

ப: அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்றுக்கும் வரும். அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு ராஜாஜி சாலையிலுள்ள கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதால் பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் காட்டுங்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகிய இடங்களில் மார்பகச் சிகிச்சை நடக்கிறது. எந்தப் பிரிவு கொரோனாவுக்காக வேறு கட்டடத்துக்கு மாறியிருக்கிறது என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஊரடங்கில் வழியில் நிறுத்தினால் காட்ட ஓ.பி. சீட்டும் தேதி போட்ட கடிதமும் கையில் இருக்கட்டும்.

கே: வலது மார்பில் அறுவை முடிந்து கீமோ ஓடுகிறது. கொரோனா தடுப்பூசி போடலாமா, எந்தக் கையில்?
— வாசகி, அண்ணா நகர்

ப: போடுங்கள், இடது கையில். ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறிகட்டுவது சகஜம். அது நோய் பக்கத்தில் வந்தால் வீண் பதற்றம், வீண் பயாப்ஸி. அடுத்த கீமோவுக்கு நாலைந்து நாள் முன், வெள்ளணு எண்ணிக்கை ஏறிய நேரம் நல்லது. கீமோ போட்ட 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை தவிருங்கள். ஊசிக் காய்ச்சலா, வெள்ளணுக் காய்ச்சலா என்று பிரிக்க முடியாமல் போகும். மாத்திரை மட்டும் சாப்பிடுபவர்கள், ட்ராஸ்டுசுமாப் மட்டும் போடுபவர்கள், கரன்ட் வைப்பவர்கள் எந்த நாளிலும் போடலாம். அறுவைக்கும் தடுப்பூசிக்கும் நடுவில் ஒரு வாரம் விடுங்கள்.

2021 நடுவில் கோவிஷீல்டின் இரண்டாம் டோஸுக்கு 12 முதல் 16 வாரம், கோவாக்சினுக்கு 4 முதல் 6 வாரம் இடைவெளி இருந்தது. முதல் டோஸ் போட்டதும் மாஸ்க்கைக் கழற்றிவிடாதீர்கள். கீமோவில் இருப்பவருக்கு ஊசி முழுசாகப் பிடிப்பதில்லை. அதனால் வீட்டில் மற்றவர்கள் எல்லாரும், குறிப்பாக வேலைக்குப் போய் வருபவர்கள், உங்களுக்கு முன்பே போட்டுக்கொள்ளட்டும். அடுத்த மேமோகிராம் வழக்கமான பரிசோதனைதான் என்றால் ஊசிக்கு முன்போ, இரண்டாம் டோஸ் முடிந்து நாலு முதல் ஆறு வாரம் கழித்தோ எடுங்கள் என்பது 2021-இன் அறிவுரை. மார்பில் கைக்குக் கட்டி தட்டுப்பட்டால் மட்டும் இந்த இடைவெளி எதையும் பார்க்க வேண்டாம்.